சாக்லேட் கட்டி ஆபரேஷன் முடிந்தது. அடுத்து மாத்திரையா, மறு ஆபரேஷனா, ஐவிஎஃப்பா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 32 வயது. கணவருக்கு 36. திருப்பூரில் சாயப்பட்டறையில் பாய்லர் பக்கம் சூப்பர்வைசராக இருக்கிறார். கல்யாணமாகி நான்கு வருஷம். முதல் இரண்டு வருஷம் நாங்களே தள்ளிப்போட்டோம். அதன்பின் ஒன்றரை வருஷம் முயற்சி செய்தும் ஒருமுறைகூட நாள் தள்ளிப்போகவில்லை. பீரியட்ஸ் வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. உறவின்போதும் உள்ளே வலிக்கும். ஸ்கேனில் இடது சினைப்பையில், பழைய ரத்தம் தேங்கிய 5 செ.மீ. சாக்லேட் கட்டி இருப்பதாகச் சொல்லி, ஏழு மாதத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். கர்ப்பப்பை உட்பூச்சு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், மூன்றாம் நிலை என்றார்கள். அன்றிலிருந்து தினமும் டைனோஜெஸ்ட் 2 மி.கி. சாப்பிடுகிறேன். வலி குறைந்தது. ஆனால் போன மாத ஸ்கேனில் வலது சினைப்பையில் 2.5 செ.மீ. கட்டி என்று வந்திருக்கிறது. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் 1.4. ஒரு டாக்டர் மாத்திரையை இன்னும் ஆறு மாதம் சாப்பிடச் சொல்கிறார். இன்னொருவர் மறுபடி ஆபரேஷன் செய்து உடனே ஐவிஎஃப் போகச் சொல்கிறார். மாமியார் மலைவேம்புச் சாறு கொடுக்கிறார், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்துவிட்டால் தங்கும் என்கிறார். கணவருக்கு இதுவரை எந்த டெஸ்டும் எடுக்கவில்லை. ஆபரேஷன் குறிப்பை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது, போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி. கணவருக்கு எந்தப் பரிசோதனையும் எடுக்கவில்லை என்கிறீர்கள். உங்களுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மயக்கம் கொடுத்து ஆபரேஷன், ஏழு மாத மாத்திரை எல்லாம் ஆகிவிட்டது. சில நூறு ரூபாயில் முடிகிற விந்துப் பரிசோதனை மட்டும் பாக்கி. மனைவிக்கு ஒரு நோய்ப் பெயர் கிடைத்துவிட்டால் எல்லாப் பழியும் அங்கேயே போய்விடுகிறது. எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிற வீட்டில் விந்தணுக் குறைபாடு இருக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பாய்லர் பக்கத்தில் மணிக்கணக்காக நிற்பவருக்கு இந்தப் பரிசோதனை கூடுதல் அவசியம். விரைகள் உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு நன்றாக உருவாகும்.

எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். உறவோ சுயஇன்பமோ இல்லாமல் இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் இடைவெளி வேண்டும். “நிறையச் சேரட்டும்” என்று பதினைந்து நாள் காத்திருந்து கொடுத்தால் எண்ணிக்கை கூடலாம், ஆனால் நீந்தும் வேகம் குறைந்திருக்கும். லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் லேப் கொடுத்த டப்பாவில், உடம்போடு ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கும் ஆணுறையில் எடுக்கக் கூடாது. முதல் சொட்டுகள் கீழே சிந்தியிருந்தால் லேபில் சொல்லிவிடுங்கள், விந்தணு அதிகம் இருப்பது அந்த முதல் பகுதியில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.யில் 1.6 கோடி, மொத்தம் 3.9 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான உருவம் 4 சதவீதம் ஆகியவை கீழ் எல்லைகள். 4 சதவீதம் என்றதும் பயந்துவிட வேண்டாம். மீதி 96 சதவீதம் கோணலாக இருப்பதுதான் மனித இயல்பு. ரிப்போர்ட் குறைவாக வந்தால் உடனே முடிவு கட்டாமல் மறுபடி எடுக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி முடிக்கச் சுமார் இரண்டரை மாதம் ஆகிறது. அதனால் இரண்டு மாதத்துக்கு முன் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும்.

இப்போது மாத்திரை. டைனோஜெஸ்ட் நல்ல மருந்து, ஆனால் வலிக்கான மருந்து. முட்டை வெடிப்பதைப் பெரும்பாலும் அடக்கி, எண்டோமெட்ரியோசிஸ் திட்டுகள் வளராமல் வைப்பதுதான் அதன் வேலை. முட்டையே வராத மாதங்களில் கரு எப்படித் தங்கும்? “ஆறு மாதம் அடக்கி வைத்தால் பிறகு சீக்கிரம் தங்கும்” என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமும் நெடுநாள் இருந்தது. ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், கருத்தரிப்பு வாய்ப்பைக் கூட்டுவதற்காக மட்டும் இத்தகைய ஹார்மோன் அடக்கு சிகிச்சை தரக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. மாதா மாதம் போடும் லூப்ரோலைட் ஊசிக்கும் இது பொருந்தும். ஆபரேஷன் முடிந்து உடனே குழந்தை வேண்டாம் என்பவர்கள் கட்டி திரும்பாமல் இருக்க மாத்திரை சாப்பிடலாம். உங்களுக்குக் குழந்தை வேண்டும். ஏழு மாதம் சாப்பிட்டதில் நஷ்டம் என்னவென்றால் அந்த ஏழு மாதம்தான், சினைப்பைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இந்த அட்டையோடு நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றரை மாதத்துக்குள் முட்டை வெடிக்கத் தொடங்கிவிடும். முதல் பீரியட்ஸ் கொஞ்சம் முன்பின்னாக வரலாம்.

இனி நீங்கள் அனுப்பிய ஆபரேஷன் குறிப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் “மூன்றாம் நிலை” என்று ஒரு சொல்தான் இருக்கும், முழுக் குறிப்பில்தான் சரக்கு இருக்கிறது. நிலை என்பது எத்தனை திட்டு, எவ்வளவு ஒட்டல் என்று கூட்டிப்போட்ட மதிப்பெண். 16 முதல் 40 வரை மூன்றாம் நிலை. மூன்று செ.மீ.க்கு மேல் ஒரு சாக்லேட் கட்டி இருந்தாலே 20 வந்துவிடும். வலி எவ்வளவு, குழந்தை தங்குமா என்ற இரண்டையும் அந்த எண் சரியாகச் சொல்லாது. குழந்தைக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவர் ஆடம்சனும் புள்ளியியலாளர் பாஸ்டாவும் 2010-ல் வெளியிட்ட எண்டோமெட்ரியோசிஸ் கருவுறுதல் குறியீடு, பத்துக்கு மதிப்பெண் போடுவது. உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம்.

வயது 35 அல்லது அதற்குள் என்றால் 2. முயற்சி செய்தும் தங்காத காலம் மூன்று வருஷம் வரை என்றால் 2. முன்பு ஒருமுறையாவது கரு தங்கியிருந்தால் 1, உங்களுக்கு இல்லை, ஆக 0. அடுத்தது ஆபரேஷன் முடிந்த பிறகு உறுப்புகள் எந்த நிலையில் விடப்பட்டன என்பது. ஒவ்வொரு பக்கமும் குழாய், குழாயின் விரல் போன்ற நுனி, சினைப்பை மூன்றுக்கும் 0 முதல் 4 வரை போட்டு, அந்தப் பக்கத்தில் எது மிகக் குறைவோ அதை எடுக்க வேண்டும். உங்கள் இடது பக்கம் குழாயில் லேசான ஒட்டல் பிரிக்கப்பட்டிருக்கிறது, கட்டி எடுத்த சினைப்பை நடுத்தரமாகப் பாதிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள். ஆக 2. வலது பக்கம் குழாயும் நுனியும் நன்றாக இருக்கின்றன, சினைப்பையின் மேல் சில திட்டுகள் கரிக்கப்பட்டுள்ளன. ஆக 3. கூட்டினால் 5. 4 முதல் 6 வரைக்கு 2 மதிப்பெண். திட்டுகளின் மதிப்பெண் 16-ஐத் தாண்டியதால் அதற்கு 0. மொத்த நிலை மதிப்பெண் 71-க்குக் கீழே என்பதால் 1. ஆகமொத்தம் 7.

ஏழு என்பது நல்ல எண். இந்த மதிப்பெண் உள்ளவர்களில் ஐவிஎஃப் இல்லாமலே மூன்று வருஷத்துக்குள் கருத்தரித்தவர்கள் பாதிக்குச் சற்று மேல். ஒன்பது, பத்து என்றால் பத்தில் ஏழு பேர் போல. மூன்றுக்குக் கீழே போனால் பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கிவிடும், அவர்களிடம் காத்திருங்கள் என்று சொல்லவே கூடாது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: விந்தணு சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போடுகிற கணக்கு இது. மேலே அவ்வளவு எழுதியதற்குக் காரணம் அதுதான்.

ஆபரேஷன் செய்தவர் இந்தக் குறிப்பை விவரமாக எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன், லேப்ராஸ்கோப்பி முடிந்து வீடு திரும்பும்போது முழுக் குறிப்பையும், வீடியோவோ படங்களோ இருந்தால் அதையும், பயாப்சி ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் இடுப்புக்குள் ஒட்டல் என்றாலே காசநோயையும் நினைத்துப் பார்க்க வேண்டும், சினைப்பைக் கட்டியும் சேர்ந்திருந்தால் இந்த இரண்டு நோயும் ஸ்கேனில் ஒன்றுபோலவே தெரியலாம். உங்கள் பயாப்சியில் எண்டோமெட்ரியோசிஸ் உறுதியாகி, காசநோய் அறிகுறி இல்லை என்று இருப்பதால் அந்தக் கவலை வேண்டாம்.

வலது சினைப்பையில் புதிதாகத் தெரியும் 2.5 செ.மீ. கட்டிக்கு வருகிறேன். “மறுபடி வந்துவிட்டது, எடுத்துவிடலாம்” என்பதற்கு ஒரே ஒரு ஸ்கேன் போதாது. ரத்தம் கசிந்த சாதாரண நீர்க்கட்டியும் உள்ளே மங்கலாக, அரைத்த கண்ணாடி மாதிரி தெரியும். டைனோஜெஸ்ட் எடுக்கும்போதும் சிலருக்கு எப்போதாவது முட்டைப்பை வளரும். மாத்திரையை நிறுத்தி, இரண்டாவது பீரியட்ஸின் 3 முதல் 5-ஆம் நாளுக்குள், பிறப்புறுப்பு வழி ஸ்கேன் எடுங்கள். நீர்க்கட்டியானால் அதற்குள் மறைந்திருக்கும். அதே ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் சிறு முட்டைப்பைகள் எத்தனை என்று எண்ணித் தரச் சொல்லுங்கள், கருப்பையின் தசைச் சுவருக்குள் உட்பூச்சுத் திசு வளரும் அடினோமயோசிஸ் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு அது கூடவே இருப்பது சகஜம். கரு ஒட்டுவதை அது பாதிக்கும், சாதாரண வயிற்று ஸ்கேனில் தவறிவிடும்.

அது சாக்லேட் கட்டியே என்றாலும், 2.5 செ.மீ.க்கு நான் கத்தி எடுக்கச் சொல்ல மாட்டேன். காரணம், கட்டியின் தோலை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டியிருக்கும் நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகும். ரத்தம் நிற்கக் கரித்தால் இன்னும் கொஞ்சம். ஏஎம்ஹெச் இறங்குவது இதனால்தான். ஏற்கெனவே இடது பக்கம் ஒரு பங்கு கொடுத்துவிட்டீர்கள். இப்போது நம்பியிருப்பது வலதைத்தான், அதிலும் கை வைத்தால் இரண்டு பக்கமும் அடிபடும். இரண்டு பக்கக் கட்டிகளையும் எடுத்தவர்களில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குச் சினைப்பை செயலிழந்தே போயிருக்கிறது. ஐவிஎஃப்புக்கு முன் கட்டியை எடுத்துவிட்டால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. எடுத்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு: தாங்க முடியாத வலி, வேகமாக வளர்வது, உள்ளே சதை போன்ற பகுதியோ ரத்த ஓட்டமோ தெரிந்து புற்றுநோய்ச் சந்தேகம் வருவது, முட்டை எடுக்கும் ஊசிக்குக் கட்டி வழி மறிப்பது. இதில் எதுவும் இல்லையென்றால் விட்டுவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்தால் போதும். ஊசி போட்டு உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால், வெறுமனே உறிஞ்சினால் பெரும்பாலும் மறுபடி நிரம்பிவிடும், தொற்றும் வரலாம்.

இதற்கு அர்த்தம் முதல் ஆபரேஷன் வீண் என்பதல்ல. 5 செ.மீ. கட்டி, அந்த வலி, பயாப்சி உறுதி ஆகியவற்றுக்கு அது தேவைதான். லேசான எண்டோமெட்ரியோசிஸில்கூட திட்டுகளை நீக்குவது பலன் தருவதாக 1997-ல் கனடாவில் 341 பெண்களிடம் நடந்த ஆய்வு காட்டியது. 36 வாரங்களில் நீக்கியவர்களில் 30.7 சதவீதமும், வெறுமனே பார்த்துவிட்டு விட்டவர்களில் 17.7 சதவீதமும் கருத்தரித்தார்கள். முதல் ஆபரேஷனில் கிடைக்கும் பலன் இரண்டாவதில் அதே அளவு கிடைப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

ஏஎம்ஹெச் 1.4 என்பது உங்கள் வயதுக்குச் சற்றுக் குறைவு. பதறும் எண் அல்ல. ஆபரேஷனுக்கு முன் எடுத்த அளவு உங்களிடம் இல்லை, இருந்திருந்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரிந்திருக்கும். கட்டி எடுக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே இதைப் பார்த்துவிடுவது நல்லது. இந்த எண்ணிலிருந்து தெரிவது, ஐவிஎஃப் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பது. மாதா மாதம் இயற்கையாக வெடிக்கும் ஒரு முட்டையில் கரு தங்குமா என்பதை இது சொல்லாது. 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், குழந்தையின்மை வரலாறு இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களில், ஏஎம்ஹெச் 0.7-க்குக் கீழே இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவே கருத்தரித்தார்கள். உங்களுக்கு வேறு நோய் இருப்பதால் அது அப்படியே பொருந்தாது. ஆனால் “ஏஎம்ஹெச் குறைந்துவிட்டது, இந்த மாதமே ஐவிஎஃப்” என்று அவசரப்படுத்துவதற்கு இந்த எண் மட்டும் போதாது. குறைவான கையிருப்பின் அர்த்தம், நேரத்தை வீணடிக்கக் கூடாது என்பதுதான். மாத்திரையில் இன்னும் ஆறு மாதம் என்ற யோசனையை நான் ஏற்காததற்கும் அதுதான் காரணம்.

ஆகவே என் யோசனை: மாத்திரையை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் மாதத்தில் விந்துப் பரிசோதனை, உங்களுக்குத் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். ரூபெல்லா எதிர்ப்பு இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும், அதற்கு இதுதான் தோதான சமயம். ஃபோலிக் அமிலத்தை இன்றே தொடங்கலாம். தேவை தினமும் 400 மைக்ரோகிராம். மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் 5 மி.கி. மாத்திரைதான் கையில் தருவார்கள். அந்த அளவு சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, முன்பு முதுகுத்தண்டுக் குறையுள்ள குழந்தை போன்றவை இருப்பவர்களுக்கு. அளவைச் சொல்லிக் கேளுங்கள். பிறகு ரிப்போர்ட்டுகள் சரியாக இருந்தால் ஆறு மாதம் இயற்கையாக முயற்சி.

அந்த ஆறு மாதத்தை நாள் தெரிந்து பயன்படுத்த வேண்டும். உங்கள் சுழற்சி 26 முதல் 30 நாள் என்று முந்தைய குறிப்பில் இருக்கிறது. குறைந்ததில் 18 கழித்தால் 8, அதிகத்தில் 11 கழித்தால் 19. பீரியட்ஸ் தொடங்கிய நாளை ஒன்றாம் நாளாக எண்ணி, 8 முதல் 19-ஆம் நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் சேர்ந்தால் எந்த முட்டையும் தவறாது. தினமும் என்றால் இருவருக்குமே அது டியூட்டி ஆகிவிடும், தேவையுமில்லை. கணவருக்கு நைட் ஷிப்ட் இருக்கும் வாரங்களில் முட்டை வெடிக்கப் போவதைச் சிறுநீரில் காட்டும் எல்ஹெச் ஸ்டிரிப் உதவும். 10-ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். காலை முதல் சிறுநீர் வேண்டாம், பத்து மணிக்கு மேல் எடுக்கலாம். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள், கோடு வெளிறிவிடும். சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அழுத்தமாகவோ வந்தால் மட்டும்தான் பாசிட்டிவ். மங்கலாகத் தெரிவதைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. கர்ப்பப் பரிசோதனை அட்டைக்குத்தான் மங்கல் கோடும் கணக்கு. பாசிட்டிவ் வந்த அன்றும் மறுநாளும் முக்கியம்.

உறவில் வலி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. கருப்பைக்குப் பின்னால் உள்ள பகுதியில் இடிபடும்போதுதான் இந்த வலி. நீங்கள் மேலே இருந்தாலோ, இருவரும் ஒருக்களித்துப் படுத்தாலோ ஆழத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். முழு ஆழம் போனால்தான் கரு தங்கும் என்பதில்லை. வறட்சிக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண ஜெல்லும் எச்சிலும் விந்தணுவின் வேகத்தைக் குறைப்பவை. விந்தணுவுக்குப் பாதுகாப்பானது என்று அட்டையில் குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். முடிந்த பிறகு காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொள்வதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

மாத்திரை நின்றதும் பீரியட்ஸ் வலி திரும்பக்கூடும். ரத்தப்போக்கு நன்றாகத் தொடங்கிய பின் முதல் இரண்டு மூன்று நாள், வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இல்லையென்றால், சாப்பிட்ட பிறகு மெஃபனமிக் அமிலம் எடுக்கலாம். அது அந்த நாட்களோடு நிற்கட்டும். இந்த வகை மாத்திரைகளும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபெனும் முட்டை வெடிக்கும் நேரத்தில் உள்ளே போனால், முட்டைப்பை வளர்ந்தும் வெடிக்காமல் நின்றுவிடலாம். ஸ்டிரிப் பாசிட்டிவ் காட்டும், முட்டை வெளியே வந்திருக்காது. மாதம் முழுக்க வலிக்கிறது என்று இவற்றை விழுங்கிக்கொண்டே குழந்தைக்கு முயல்பவர்கள் நிறையப் பேர். மற்ற நாட்களுக்குப் பாராசிட்டமால் 650, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். வெந்நீர்ப் பை எப்போதும் வைக்கலாம். மெஃபனமிக் அமிலம் எடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் தோல் தடிப்பும் சேர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரிதான அந்தத் தீவிர ஒவ்வாமை பற்றி இந்திய ஃபார்மகோபியா ஆணையம் 2023-ல் எச்சரிக்கை விட்டிருக்கிறது.

ஆறு மாதத்தில் தங்கவில்லை என்றால் அடுத்தது, விந்தணுவை நேராகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐயா, ஐவிஎஃப்பா? முட்டை வளரும் மாத்திரையோடு சேர்த்துச் செய்யும் ஐயூஐ முதல், இரண்டாம் நிலைக்குப் பலன் தரும். மூன்றாம் நிலையில் குழாய் திறந்திருந்தால் செய்து பார்க்கலாம், ஆனால் பலன் அவ்வளவு உறுதியில்லை. செய்தால் லெட்ரோசோல் 2.5 அல்லது 5 மி.கி. மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாள், ஒன்பது பத்தாம் நாளிலிருந்து ஸ்கேன், முட்டைப்பை 18 முதல் 20 மி.மீ. வந்ததும் வெடிக்கும் ஊசி, சுமார் 36 மணி நேரத்தில் ஐயூஐ. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் தங்கும். மூன்று முறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு, எட்டு என்று ஐயூஐயை நீட்டிக்கொண்டே போவதுதான் உங்களைப் போன்றவர்களுக்கு நடக்கிற பெரிய நஷ்டம். செலவு குறைவு என்று தோன்றும், வருஷம் ஒன்று ஓடிவிடும். இடது குழாயில் ஒட்டல் இருந்தது என்பதையும், கையிருப்பையும் பார்த்தால், ஐயூஐயைத் தாண்டி நேராக ஐவிஎஃப் போவதிலும் தவறில்லை. விந்தணு மிகக் குறைவு என்று தெரிந்தாலோ, வலது கட்டி வளர்ந்துகொண்டே போனாலோ ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். 36, 37 வயதில் ஒருவர் இதே கடிதத்தை எழுதியிருந்தால் அவருக்கும் அதுதான் பதில்.

ஐவிஎஃப் போனால் கேட்க வேண்டியவை சில. 2021-ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றிதழ் வரவேற்பறையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். “எங்கள் வெற்றி 70 சதவீதம்” என்றால், எதில் 70 என்று கேளுங்கள். ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனதா, இதயத்துடிப்பு வந்ததா, குழந்தை பிறந்ததா? சொந்த முட்டையிலா, தானமா? ஊசி தொடங்கிய எல்லோரிலுமா, கரு வைத்தவர்களில் மட்டுமா? ஊசி தொடங்கியவர்களில், 35 வயதுக்குள், சொந்த முட்டையில் குழந்தை பிறந்த கணக்குதான் உங்களுக்கு வேண்டியது. செலவு மருந்தோடு சேர்த்தா, கருவை உறைய வைப்பதும் பிறகு வைப்பதும் தனியா என்று எழுத்தில் வாங்குங்கள். முட்டை எடுக்கும்போது சாக்லேட் கட்டியை ஊசி துளைக்காமல் பார்க்க வேண்டும், கட்டி இருப்பதால் ஆன்டிபயாட்டிக் பாதுகாப்பு கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். துளைத்தால் சீழ் பிடிக்கலாம். எடுத்த பின் காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால், ஒன்றிரண்டு வாரம் கழிந்திருந்தாலும், அன்றே போக வேண்டும். அடினோமயோசிஸ் இருந்தால் கருக்களை உறைய வைத்து, இரண்டு மூன்று மாதம் ஊசி போட்டு அடக்கி, பிறகு வைப்பதைப் பல மையங்கள் செய்கின்றன. அது இல்லாமல் எண்டோமெட்ரியோசிஸ் என்பதற்காக மட்டும் மூன்று மாத ஊசி தேவை என்றால், ஏன் என்று கேளுங்கள். குழாயில் நீர் கோத்திருப்பது ஸ்கேனில் தெரிந்தால் மட்டும் ஆபரேஷன் முதலில் வர வேண்டும். அந்த நீர் கருப்பைக்குள் கசிந்து, ஐவிஎஃப் வாய்ப்பைப் பாதியாக்கிவிடும்.

மாமியார் சொன்ன இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது என்பது உட்பூச்சைச் சுரண்டுவது. உங்கள் நோய் கருப்பைக்கு வெளியே இருக்கிறது. உள்ளே சுரண்டினால் வெளியே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது, அதிகம் சுரண்டினால் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டு கரு தங்கும் இடமே கெட்டுப்போகும். இதற்குச் சம்மதிக்காதீர்கள். மலைவேம்புச் சாறு எண்டோமெட்ரியோசிஸைக் கரைக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. பீரியட்ஸ் மூன்று நாள் குடித்த சாறு இதுவரை உங்களைக் கெடுத்திருக்காது, ஆனால் முட்டை ஊசி, ஹார்மோன் மருந்து எடுக்கும் மாதங்களிலும், நாள் தள்ளிப்போனதாகச் சந்தேகம் வந்த பிறகும் கூடாது. பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்த எதையும் தெரியாமல் தொடாதீர்கள். “ஒரு குழந்தை பிறந்துவிட்டால் இந்த நோயே போய்விடும்” என்பார்கள். கர்ப்பகாலத்தில் பீரியட்ஸ் நிற்பதால் வலி அடங்கும், தாய்ப்பால் கொடுக்கும் வரை சிலருக்கு நீடிக்கும், அதன்பின் திரும்பலாம். குழந்தை வேண்டும் என்பதற்காகப் பெற்றுக்கொள்ளுங்கள், மருந்தாக நினைத்து வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நாள் தள்ளிப்போய்ப் பரிசோதனை பாசிட்டிவ் வந்தால், மூன்றாம் மாத ஸ்கேன் வரை காத்திருக்காதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குக் கரு குழாயில் தங்கும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல், உங்கள் இடது குழாயில் ஏற்கெனவே ஒட்டல் இருந்தது. கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து எண்ணி ஆறிலிருந்து ஏழு வாரத்துக்குள் ஒரு ஸ்கேனில் கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அதற்கு முன் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி, திட்டுத் திட்டாக ரத்தம் என்று எது வந்தாலும் பழைய எண்டோமெட்ரியோசிஸ் வலிதான் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுக்காமல், இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது பழைய ஆபரேஷன் குறிப்பையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.